வலை வைப்பதா, வேண்டாமா: சித்திக்காக நாங்கள் போட்ட கணக்கு

கோத்தகிரி பக்கம் தேயிலைக் கொழுந்து எடை போடும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மூட்டையைத் தலையிலிருந்து இறக்கும் பெண்களில் சிலர், இறக்குவதற்கு முன்னால் ஒரு நொடி இரண்டு காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பார்கள். மூச்சு வாங்குகிறார்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். என் சித்தியும் அப்படித்தான் நிற்பார். சிறுநீர் கசியாமல் இருக்கத்தான் காலை இறுக்குகிறார் என்பது எனக்குத் தெரிந்தது போன வருஷம்தான்.

சித்திக்கு 57 வயது. சின்னப் பிள்ளையாக இலங்கையிலிருந்து பெற்றோரோடு வந்து சேர்ந்தவர். மூன்று பிரசவம். முதல் பிரசவத்தில் இரண்டு நாள் வலியோடு எஸ்டேட் லைன் வீட்டிலேயே கிடந்திருக்கிறார். நாலு வருஷமாகக் கீழே ஏதோ தட்டுப்படுகிறது, உட்கார்ந்தால் முட்டை மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, இருமினால் துணி நனைகிறது. யாரிடமும் சொல்லவில்லை. உள்பாவாடையில் ரத்தக்கறை கண்ட பிறகுதான் அம்மாவிடம், “அடி இறங்கிப் போச்சு அக்கா” என்று சொன்னாராம்.

இரண்டு டாக்டர்களிடம் காட்டினோம், இரண்டு பதில் கிடைத்தது. கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில், கர்ப்பப்பையை எடுத்துவிட்டு மெஷ், அதாவது பிளாஸ்டிக் வலை, வைத்துவிடலாம், மறுபடி இறங்கவே இறங்காது என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா, முதலில் உள்ளே தாங்கிப் பிடிக்கும் ரிங் போட்டுப் பார்ப்போம், ஆபரேஷன் என்று வந்தாலும் மெஷ் இல்லாமலே செய்யலாம் என்றார். சித்தி என்னைப் பார்த்து, “நீதானே பாப்பா கணக்கு டீச்சர், எது லாபம்னு பாத்துச் சொல்லு” என்றார். நான் டாக்டர் இல்லை. ஆனால் கணக்கு என்று சொல்லிவிட்டாரே.

முதலில் எனக்கே புரியாமல் இருந்த ஒன்று: மெஷ் என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு ஆபரேஷனுக்குச் சொல்கிறார்கள். இறங்கிய உறுப்பைத் தூக்கி நிறுத்தப் பெண்ணுறுப்பு வழியாக உள்ளே பரப்பி வைக்கும் அகலமான வலை ஒன்று. இருமும்போது கசிவதை நிறுத்தச் சிறுநீர்க் குழாய்க்கு அடியில் தாங்கலாகக் கொடுக்கும் ஒரு செ.மீ. அகல நாடா இன்னொன்று. இரண்டும் பாலிப்ரொப்பிலீன்தான், உரச் சாக்கு நெய்கிற அதே பிளாஸ்டிக் வகை. ஆனால் இரண்டின் லாப நஷ்டமும் வேறு வேறு. ஒன்றுக்குச் சொல்லும் பதிலை இன்னொன்றுக்குப் போட்டால் கணக்கு தப்பிவிடும்.

இறக்கம் என்பது என்ன? பிள்ளையைப் போடும் தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பெலும்புக்குள் தசையும் நாரும் சேர்ந்து ஒரு தூளி மாதிரி கட்டியிருக்கிறது. முன்னால் சிறுநீர்ப்பை, நடுவில் கர்ப்பப்பை, பின்னால் மலக்குடல். பிரசவத்தில் அந்தத் துணி இழுபடும், ஓரம் கிழியும். அப்புறம் வருஷக்கணக்காகச் சுமை, விடாத இருமல், முக்கி முக்கி மலம் கழிப்பது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து துணியே நைந்துபோகும். தூளி தொய்ந்தால் உள்ளே இருப்பது கீழே வரும். கர்ப்பப்பை அந்தத் தூளியில் கிடக்கும் பிள்ளை, அவ்வளவுதான். பிள்ளையை எடுத்துவிட்டால் துணி இறுகிவிடுமா? “கர்ப்பப்பையை எடுத்துட்டா சரியாப் போயிடும்” என்று ஊரில் பத்துப் பேர் சொல்வார்கள். எடுத்தாலும், மேல்பகுதியை நாரோடு சேர்த்துக் கட்டாமல் விட்டால், பெண்ணுறுப்புப் பாதையின் கூரையே பிறகு இறங்கி வரலாம். சித்திக்கு இறங்கியிருந்தது பெரும்பாலும் முன்பக்கம், அதாவது சிறுநீர்ப்பை. இருமச் சொல்லிப் பார்த்தபோது வாசலைத் தாண்டி 2 செ.மீ. வெளியே வந்தது.

சரி, வலைக்கு வருவோம்.

குடலிறக்கத்துக்கு வலை வைப்பது 1950களின் கடைசியிலேயே தொடங்கிய பழக்கம். வயிற்றுச் சுவரில் அது நன்றாக வேலை செய்தது. அதைப் பார்த்து, இதுவும் ஓர் இறக்கம்தானே என்று 2000க்குப் பிறகு பெண்ணுறுப்பு வழியாக வைக்கும் வலைகளைப் பெட்டி பெட்டியாக விற்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் இவற்றில் பலவும் முன்பே இருக்கும் பொருளைப் போன்றதுதான் என்ற பேரில், பெண்களிடம் புதிதாகச் சோதித்துப் பார்க்காமலே சந்தைக்கு வந்தன. ஆனால் வயிற்றுச் சுவரும் இந்த இடமும் ஒன்றல்ல. இங்கே தோல் மெல்லியது, ஈரமானது, கிருமி எப்போதும் இருக்கும் இடம். அதிலும் மாதவிடாய் நின்றவர்களுக்கு அது காகிதம் மாதிரி.

பிரச்சினைகள் வரத் தொடங்கின. வலை தோலை அறுத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்ப்பது, நாற்றத்தோடு கசிவு, ரத்தம், உறவின்போது வலி, கணவருக்கே குத்துவது, வலை சுருங்கி உள்ளே இழுப்பது, சிலருக்குச் சிறுநீர்ப்பைக்குள்ளேயே துளைத்துப் போவது. மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2008இல் எச்சரித்தது. 2011இல், இறக்கத்துக்கு வைக்கும் வலையால் வரும் கடுமையான பாதிப்புகள் அரிதானவை அல்ல என்றே சொல்லிவிட்டது. 2016இல் அந்த வலைகளை அதிக ஆபத்துள்ள பிரிவுக்கு மாற்றியது. 2019 ஏப்ரலில், பெண்ணுறுப்பு வழியாக இறக்கத்துக்கு வைக்கும் வலைகளை விற்பதையே நிறுத்தச் சொன்னது. ஆஸ்திரேலியா 2017இலேயே அவற்றை எடுத்துவிட்டது. பிரிட்டனில் 2018 ஜூலையில் வலை, நாடா இரண்டையும் நிறுத்தி வைத்தார்கள். அங்கே பாதிக்கப்பட்ட பெண்கள் சொன்னதை எல்லாம் கேட்டு பரோனஸ் கம்பர்லெஜ் தலைமையில் எழுதிய அறிக்கை 2020 ஜூலையில் வந்தது. வலி என்று சொன்ன பெண்களை டாக்டர்கள் வருஷக்கணக்காக நம்பவே இல்லை என்பது அதில் திரும்பத் திரும்ப வருகிறது. இதைச் சித்தியிடம் சொன்னபோது, “வெள்ளக்காரிச்சிக்கும் அப்படித்தானா?” என்றார்.

இப்போது எண்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு 2016இல் வந்தது. நூறு பெண்களுக்குச் சொந்தத் தசையை வைத்தே தைத்தால், ஒன்று முதல் மூன்று வருஷத்தில் 19 பேருக்கு மறுபடி இறங்கினது போல் தெரிகிறது. வலை வைத்தால் அது 10 முதல் 15 பேர். இங்கே வலைக்குத்தான் லாபம், மறுக்க முடியாது. ஆனால் வலை வைத்தவர்களில் 12 பேருக்கு அது தோலைத் தாண்டி வெளியே தெரிகிறது, அதில் 8 பேருக்கு அதற்காகவே மறுபடி ஆபரேஷன். இறக்கம், கசிவு, வலைப் பிரச்சினை எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி ஆபரேஷனுக்குப் போனவர்கள்: சொந்தத் தசையில் தைத்தவர்களில் 5 பேர், வலை வைத்தவர்களில் 7 முதல் 18 பேர். நாலு முதல் ஒன்பது பேருக்கு மறுபடி இறங்காமல் காப்பாற்றப் போய் பன்னிரண்டு பேருக்குப் புதிதாக ஒரு வம்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகூட இந்தக் கழித்தலைப் போட்டுவிடும்.

எனக்கு இன்னும் உறைத்தது, இரண்டு தோல்வியும் ஒரே மாதிரித் தோல்வி இல்லை என்பது. தையல் விட்டுப்போனால் பழைய நிலைமைக்குத் திரும்புகிறோம். திரும்ப ரிங் போடலாம், திரும்பத் தைக்கலாம். வலை கெட்டுப்போனால் அப்படித் திரும்ப முடியாது. எங்கள் எஸ்டேட் எல்லையில் ஒரு சில்வர் ஓக் இருக்கிறது. எந்தக் காலத்திலோ அதில் முள்கம்பியைச் சுற்றி வேலி போட்டார்கள். மரம் பருத்து, கம்பி இப்போது மரத்துக்குள்ளே ஒரு விரற்கடை ஆழத்தில் போகிறது. இரண்டு பக்கமும் முனை மட்டும் தெரியும். அந்தக் கம்பியை எடுக்க வேண்டுமானால் மரத்தைச் செதுக்கித்தான் எடுக்க வேண்டும். வலையின் கண்களுக்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலையே. பிடித்த பிறகு அதை முழுசாக உருவுவது வைப்பதைவிடப் பல மடங்கு கடினம். வைக்கத் தெரிந்த எல்லோருக்கும் எடுக்கத் தெரியும் என்றும் இல்லை. கோயம்புத்தூர் டாக்டரிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, “சார், இது ஒத்துக்கலைன்னா நீங்களே எடுத்துடுவீங்களா?” என்பதுதான். “அப்படியெல்லாம் வராதும்மா” என்றார். அது பதிலே இல்லை. எனக்கு அங்கேயே மனசு விட்டுப்போயிற்று.

வயிற்று வழியாக, லேப்ராஸ்கோப்பி வைத்து, மேலே முதுகெலும்பின் அடிப்பகுதியோடு இழுத்துக் கட்டும் வலை வேறு சங்கதி. 2019 தடையில் அது வராது. ஏற்கெனவே கர்ப்பப்பை எடுத்து, கூரை இறங்கி வந்தவர்களுக்கு அது நல்ல பிடிமானம் என்கிறார்கள். ஆனால் அதிலும் ஏழு வருஷம் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், பத்தில் ஒருவருக்கு வலை அரித்துக்கொண்டு வந்திருக்கிறது. நம் நாட்டிலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு: இளம் வயதில் இறக்கம் வந்த பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுக்காமல் நாடாவால் தூக்கிக் கட்டும் முறைகளைப் பம்பாயில் ஷிரோத்கர், புரந்தரே போன்றவர்கள் வகுத்தார்கள். அவர்கள் பேரிலேயே அந்த ஆபரேஷன்கள் இன்றும் நடக்கின்றன. சித்திக்கு இரண்டும் பொருந்தாது, அதனால் அதிலே நான் ஆழமாகப் போகவில்லை.

எழுபது, எண்பது வயதுப் பாட்டிகளுக்கு ஒரு வழி இருக்கிறது. யாரும் சொல்வதில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். உறவு வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர்களுக்குப் பெண்ணுறுப்பின் உள்பாதையையே தைத்து மூடிவிடும் ஆபரேஷன். சீக்கிரம் முடியும், முழு மயக்கம் கொடுக்காமலே செய்யலாம், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மறுபடி இறங்குவதில்லை. ஆனால் பாட்டியிடம் தனியாகக் கேட்க வேண்டும். மகன் பதில் சொல்லக் கூடாது.

ரிங்

நாங்கள் முதலில் எடுத்த வழி இதுதான். வாங்கும் முன்னால் எனக்கு இதன் மேல் மதிப்பே இல்லை, ஏதோ ஒட்டுப்போடும் வேலை என்று நினைத்தேன். பெஸ்ஸரி என்பது சிலிக்கோனில் செய்த வளையம், குக்கர் கேஸ்கெட் மாதிரி வளையும், ஆனால் தடிமனாக இருக்கும். மடித்து உள்ளே விட்டால் விரிந்து தாங்கிக்கொள்ளும். அளவு சரியாக அமைய வேண்டும். முதல் வளையத்தைப் போட்டுவிட்டு டாக்டரம்மா சித்தியை இருமச் சொன்னார், குந்தச் சொன்னார், படி ஏறி இறங்கச் சொன்னார். அங்கே நன்றாக இருந்தது. மறுநாள் காலை கழிப்பறையில் விழுந்துவிட்டது. சித்தி அதைக் கழுவி முறுக்கு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். அடுத்த அளவு நின்றது.

ரிங்கின் லாபம்: வெட்டு இல்லை, மயக்கம் இல்லை, வேண்டாம் என்றால் அன்றைக்கே எடுத்துவிடலாம். நஷ்டம்: கொஞ்சம் வெள்ளைப்படும், சிலருக்குப் புண்ணாகும். புண்ணாகாமல் இருக்க ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதித் தருவார்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிச் சரிபார்க்க வேண்டும். போட்டு மறந்துவிட்டு வருஷக்கணக்கில் விட்டால் அது சுவரைத் துளைத்துவிடும், அதுதான் இதில் பெரிய ஆபத்து. வீட்டில் ஒருவர் தேதியை நினைவு வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு உறையின் மேல் எழுதி வைத்திருக்கிறோம்.

மலைக்கு என்று ஒரு தொல்லையும் உண்டு. தானே எடுத்துக் கழுவிப் போடத் தெரிந்தால் சுதந்திரம்தான், ஆனால் லைன் வீட்டில் நாலு குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை, கதவுக்குத் தாழ் கிடையாது, டிசம்பர் தண்ணீர் கையை வெட்டும். சித்தி இரவில் வெந்நீர் வைத்து வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொள்கிறார். அதற்கு வீட்டு ஆண்கள் கொஞ்சம் வெளியே நிற்க வேண்டும். நிற்கிறார்கள்.

ரிங் போட்ட பிறகு ஒரு வேடிக்கை. இறக்கம் நின்றது, கசிவு அதிகமானது. பயந்துபோய் ஓடினோம். இறங்கி வரும் சிறுநீர்ப்பை குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததாம், அதைத் தூக்கி நிறுத்தியதும் மடிப்பு நிமிர்ந்து, மறைந்திருந்த கசிவு முழுசாகத் தெரிகிறது என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் செய்தாலும் இதேதான் நடந்திருக்கும். அப்போது ஆபரேஷன் கெட்டுவிட்டது என்று சண்டைக்குப் போயிருப்போம். அதனால் ஆபரேஷனே முடிவு என்றாலும் அதற்கு முன்னால் சில வாரம் ரிங் போட்டுப் பார்ப்பது ஒரு ஒத்திகை. என் கணக்கில் ரிங்குக்கு மதிப்பு கூடியது இந்த இடத்தில்தான்.

கசிவுக்கு

கசிவில் இரண்டு வகை. இருமினால், தும்மினால், மூட்டை தூக்கினால் வருவது ஒன்று. வந்ததும் ஓட வேண்டும், கதவைத் திறப்பதற்குள் போய்விடும் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு நாடா உதவாது. அதற்குச் சிறுநீர்ப்பையைப் பழக்கும் பயிற்சி, மாத்திரை, டீயைக் குறைப்பது. நீலகிரியில் இருந்துகொண்டு டீயைக் குறைக்கச் சொல்வது பாவம்தான். சித்தி ஏழு டம்ளரை மூன்றாக்கினார். பஸ்ஸில் போகும் நாளில் தண்ணீரே குடிக்காமல் இருந்ததையும் நிறுத்தச் சொன்னார்கள். சிறுநீர் கெட்டியானால் பை இன்னும் எரிச்சல்படும்.

முதல் வகைக்கு யாரும் கத்தியில் ஆரம்பிக்கக் கூடாது. அடித்தசைப் பயிற்சி, குறைந்தது மூன்று மாதம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு எட்டு முறையாவது. காற்று பிரியாமல் அடக்குவது போலப் பின்னாலிருந்து முன்னால் இறுக்கி, மேலே இழுத்து, பிடித்து, விட வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. பலர் பயிற்சி என்று கீழே முக்குகிறார்கள், அது இருப்பதையும் கெடுக்கும். அதனால் ஒருமுறையாவது தெரிந்தவர் பரிசோதித்துச் சொல்லித்தர வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது, வரும்போது வெட்கப்படாமல் கேளுங்கள். மூட்டை தூக்கும் முன், இருமும் முன் இறுக்கிக்கொள்வதும் ஒரு பழக்கம். சித்தி எடை போடும் இடத்தில் காலை ஒட்டி வைத்து நின்றாரே, அதைக் கால் இல்லாமல் உள்ளே செய்வதுதான்.

பயிற்சி போதவில்லை என்றால் நாடா. 1996இல் ஸ்வீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டென் கொண்டுவந்தது. சிறிய ஆபரேஷன், பத்தில் எட்டுப் பேருக்காவது வருஷக்கணக்கில் பலன். நாடா வெளியே தெரிவது நூற்றில் இரண்டு, மூன்று பேருக்கு. இறக்க வலையின் 12ஓடு ஒப்பிடுங்கள். அமெரிக்கா 2019இல் நிறுத்தியபோதும் இதை நிறுத்தவில்லை. அதற்காக ஆபத்தே இல்லை என்று ஆகாது: தீராத வலி வந்த பெண்கள் இதிலும் இருக்கிறார்கள், இதுவும் சில்வர் ஓக் கம்பிதான், கொஞ்சம் மெல்லிய கம்பி.

நாடாவிலும் இரண்டு பாதை. அடிவயிற்று எலும்புக்குப் பின்னால் மேலே கொண்டுபோவது ஒன்று, தொடை இடுக்கு வழியாகப் பக்கவாட்டில் கொண்டுபோவது மற்றொன்று. முதலாவதில் ஊசி சிறுநீர்ப்பையில் குத்திவிடும் வாய்ப்பு அதிகம், ஆனால் மேசையிலேயே கேமரா விட்டுப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். இரண்டாவதில் தொடை வலி, கவட்டை வலி அதிகம், எடுப்பதும் கடினம். பிரிட்டன் வழிகாட்டியில் 2019இலேயே, தனிக் காரணம் இல்லாமல் இரண்டாவதை வைக்காதீர்கள் என்று எழுதிவிட்டார்கள். நாள் முழுக்கச் சரிவில் தொடையை ஊன்றி நின்று கொழுந்து பறிக்கிறவருக்குத் தொடை வலி என்றால் பிழைப்பே போச்சு. இந்த ஒன்றில் நான் யோசிக்கவே இல்லை.

பிளாஸ்டிக்கே வேண்டாம் என்றால், சொந்த வயிற்றுச் சுவரிலிருந்து ஒரு பட்டை எடுத்து அதையே தாங்கலாக வைக்கலாம். பலன் நன்றாகவே இருக்கிறது. வெட்டு பெரியது, பிறகு சிறுநீர் முழுசாகப் போகாமல் திணறுவது அதிகம். தைத்துத் தூக்கும் பர்ச் முறையும் 1961இலிருந்து இருக்கிறது, செய்யத் தெரிந்தவரைத் தேட வேண்டும்.

கடைசியில் சித்தி எடுத்த முடிவு: இறக்கத்துக்கு வலை கிடையாது, சொந்தத் தசையில் தையல், மேலே நாரோடு சேர்த்துக் கட்டு. கர்ப்பப்பை எடுப்பதா வேண்டாமா என்பது, ரத்தக்கறைக்குக் காரணம் பார்த்து வரும் பரிசோதனை முடிவைப் பொறுத்து. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால் அதை இறக்கத்தின் தலையில் போட்டு விடக் கூடாது, தனியாகப் பார்க்க வேண்டும். கசிவுக்கு இப்போது எதுவும் வைக்கவில்லை. தையல் ஆறிய பிறகு பயிற்சியோடு சில மாதம் பார்ப்பது, போதாவிட்டால் அப்போது நாடா. எது வைத்தாலும் பெட்டியில் வரும் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டி வாங்குவது என்று நான் ஒரு வரி சேர்த்தேன். பத்து வருஷம் கழித்து வேறு ஊர் டாக்டருக்கு உள்ளே இருப்பது என்ன என்று தெரிய வேறு வழியில்லை.

தேதிதான் இழுத்தது. மூன்று மாதம் மூட்டை தூக்கக் கூடாது என்றால் கூலி? சித்தியே விரல் விட்டு எண்ணிச் சொன்னார்: உறைபனி விழும் மாதத்தில் கொழுந்து எப்படியும் குறைவு, ஜனவரியில் செய்துகொண்டால் மழை இறங்கிக் கொழுந்து விடும்போது எழுந்துவிடலாம். அதுவரை ரிங். எடை போடும் இடத்தில் இப்போதும் ஒரு நொடி நிற்கிறார். “எண்ணுறேன் பாப்பா, எட்டு” என்கிறார்.